98.41 சதவீதம் போதுமா?

நதிக்கரையாள்: "கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஆற்றுக்குள் பொடிப்பொடியான பிளாஸ்டிக் துணுக்குகளை விடுகிறது என்பது வெறும் பீதி, 98 சதவீதம் அங்கேயே நின்றுவிடுகிறது" என்று நேற்று பம்ப்ஹவுஸ் எழுதியதைப் படித்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. 98.41 சதவீதம் சொன்ன அதே 2016 ஸ்காட்லாந்து கிளாஸ்கோ ஆய்வுதான், அந்த ஒரு நிலையத்திலிருந்து நாளுக்கு 6.5 கோடி துணுக்குகள் கிளைடு ஆற்றில் கலக்கின்றன என்றும் சொல்கிறது. அதை ஏன் சார் விட்டுவிட்டீர்கள்?

பம்ப்ஹவுஸ்: எதையும் விடவில்லை அம்மா. உள்ளே வருவது லிட்டருக்கு 15.7 துணுக்கு, வெளியே போவது 0.25. அது 6.5 லட்சம் பேருக்கான நிலையம், வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு நாளைக்கு நூறு. நானும் இப்படியொரு நிலையத்தில் பதினான்கு வருடமாகத் தொட்டி ஓரத்தில் நிற்கிறவன். மேலே மிதக்கும் கொழுப்பை வழிக்கும்போது கையுறையில் நீலநீலமாக மணி ஒட்டும், முகம் கழுவும் கிரீமில் வருகிற மணி. அது ஆற்றுக்குப் போகவில்லை, என் கையில் இருக்கிறது.

நதிக்கரையாள்: 6.5 கோடி. மீன் ஒன்றும் ஆள்கணக்குக்கு வகுத்துப் பார்க்காது.

செல்வம்74: அண்ணே, உங்கள் கையில் ஒட்டியது அப்புறம் எங்கே போகிறது? கசடுக்குத்தானே, கழிவுநீரிலிருந்து பிரித்தெடுக்கும் சேற்றுக்கு? பிரிட்டனில் கசடில் பெரும்பகுதி வயலுக்கு உரமாகப் போகிறது. துணுக்குகளை எண்ண அந்த ஆய்வில் தண்ணீரை வடித்த சல்லடையின் கண்ணைவிடச் சிறியது எத்தனை தப்பியது என்பதை அந்த 98.41 சொல்லவே சொல்லாது.

பம்ப்ஹவுஸ்: தம்பி, பேச்சு தண்ணீரைப் பற்றியது, கசடைப் பற்றியது இல்லை. போன மாதம் ஆர்.ஓ. தண்ணீர் விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் புகுந்து என்னைப் பொய்யன் என்றாய், இன்றுவரை ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

செல்வம்74: பொய்யன் என்று சொல்லவில்லை, தப்பு என்றேன். தப்புதான்.

தமிழ்வேள்: ஒருவர்கூட நெகிழி என்று எழுதவில்லையே? நுண்நெகிழி என்ற நல்ல சொல் இருக்கும்போது பிளாஸ்டிக் எதற்கு?

செல்வம்74: கடையில் போய் நெகிழிக் குடம் கேட்டுப் பாருங்கள் ஐயா, அப்புறம் பேசலாம்.

தமிழ்வேள்: கேட்டுத்தான் வாங்குகிறேன், கடைக்காரருக்குப் புரிகிறது. உங்களுக்குத்தான் கூச்சம்.

பம்ப்ஹவுஸ்: சொல் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சவ்வு வடிகட்டி போட்டால் 99.9 வரை நிறுத்தலாம் என்று 2017இல் பின்லாந்தில் அளந்து காட்டிவிட்டார்கள். பணம் கொடுத்தால் நாங்களும் போடுவோம். துணி துவைத்து பாலியஸ்டர் நாரைச் சாக்கடையில் விடுவது நீங்கள், பழி எங்கள் தலையிலா?

நதிக்கரையாள்: 99.9 முடியும் என்றால் 98.41 போதாது என்றுதானே அர்த்தம்?

பம்ப்ஹவுஸ்: இன்னும் நன்றாகச் செய்யலாம் என்பது வேறு, செய்ததே பீதி கிளப்பும் அளவுக்கு மோசம் என்பது வேறு. 98.41 என்றால் 98.41. நூறு துணுக்கு வந்தால் இரண்டுகூடத் தப்பவில்லை. எனக்கு ஷிப்ட் தொடங்குகிறது, இரவு வந்து மீதியை எழுதுகிறேன்.

நதிக்கரையாள்: வாருங்கள். அதற்குள் இன்னொரு 6.5 கோடியில் பாதி போயிருக்கும்.

தமிழ்வேள்: நெகிழித் துணுக்கு.