பாலைவனத்துல ஒரு ஊரே காலியா கீதே, இன்னா மேட்டரு?

வியாசர்பாடி பையன்:
நேத்து நைட்டு தூக்கம் வராம போன நோண்டினு இருந்தேன், சிலி நாட்டுல ஹம்பர்ஸ்டோன்னு ஒரு ஊரு வீடியோ வந்துச்சி. அட்டகாமா பாலைவனம், மழையே கிடையாது, ஆனா தியேட்டர் கீது, மார்க்கெட் கீது, ஸ்கூல் கீது, ஆளு மட்டும் ஒருத்தர் இல்ல. வெடியுப்பு எடுத்த ஊராம். உப்பு தீந்துபோச்சா, இன்னாபா ஆச்சு?

மணலி ஷிப்ட்:
உப்பு தீரல தம்பி. நான் உர பேக்டரில வேலை பாத்தவன், சொல்றேன் கேளு. அங்க தரைக்கு அடில கலிச்சேன்னு கெட்டியா ஒரு படிவு, அத வெடி வச்சு பேத்து, நொறுக்கி, பெரிய தொட்டில தண்ணி விட்டு காய்ச்சி, தெளிஞ்சத ஆறவிட்டா நைட்ரேட், அதான் அந்த வெடியுப்பு, படியும், மூட்டை கட்டி ரயில்ல இகீகே துறைமுகத்துக்கு போவும். வயலுக்கு உரம், சண்டைக்கு வெடிமருந்து, ரெண்டுக்கும் அதான். 1879ல சிலி ஒரு பக்கம், பெருவும் பொலிவியாவும் ஒரு பக்கம் அடிச்சிக்கினதுக்கே இந்த உப்பு பூமிதான் முக்கிய காரணம். அப்பால ஜெர்மனில ஹேபர்னு ஒருத்தர் காத்துல இருக்கற நைட்ரஜன அமோனியாவா மாத்த வழி கண்டுபிடிச்சாரு, அதுலேந்தே உரமும் வெடிமருந்தும் செய்யலாம், 1913ல பேக்டரியே ஓட ஆரம்பிச்சிடுச்சி. நம்ம மணலி பேக்டரில யூரியா செய்யறாங்களே, அதுக்கும் அடிப்படை அதேதான். காத்து எங்கயும் கெடைக்குது, அவ்ளோ தூரம் கப்பல் விட்டு எவன் உப்பு வாங்குவான்? அப்படியும் இழுத்துப் பிடிச்சி 1960 வரைக்கும் ஓட்டினாங்க.

புளியந்தோப்பு அக்கா:
தியேட்டர பாத்து மயங்காதப்பா, அதெல்லாம் 1930கள்ல வந்தது. அதுக்கு முன்னாடி அந்த பக்கத்து உப்பு கம்பெனிங்கள்ல கூலி காசா தரமாட்டான், கம்பெனியே அடிச்ச டோக்கன், அவன் கடையிலதான் செல்லும், வெலையும் அவன் வச்சது தராசும் அவனுது. டோக்கனுக்கு முழு காசு குடு, எடை சரிபாக்க கடைக்கு வெளிய ஒரு தராசு வையின்னு 1907ல ஆயிரக்கணக்குல இகீகேவுக்கு எறங்கி வந்தாங்க, சாந்தா மரியா ஸ்கூல்ல தங்கினவங்கள டிசம்பர் 21ஆம் தேதி ராணுவம் சுட்டுச்சி. எங்க ஆயா ரேஷன் கடைல தராச ஒரு தட்டு தட்டிப் பாத்துட்டுதான் பைய நீட்டும். தராசு கேட்டதுக்கு குண்டான்னு படிச்சப்ப வயிறு எரிஞ்சுச்சி.

வியாசர்பாடி பையன்:
யக்கா இது வீடியோல வரவே இல்ல. நீச்சல் குளத்தையே காட்டினு இருந்தான்.

மணலி ஷிப்ட்:
அந்த குளம் இரும்புத் தகடுல செஞ்சது, ஒடஞ்ச கப்பலோடதுன்னு சொல்லுவாங்க. மூடனப்புறம் தகரம் மரம்னு ஆளாளுக்கு கழட்டினு போயிட்டாங்க. 2005ல யுனெஸ்கோ பாரம்பரிய பட்டியல்ல சேத்து, அதே வருஷம் ஆபத்துல கீதுன்னும் எழுதி, 2019லதான் அத எடுத்தாங்க. நம்ம பக்கமா இருந்தா ஒரே மாசத்துல மொத்த ஊரையும் பேரீச்சம்பழத்துக்கு போட்டிருப்பானுங்க