பாலக்கோட்டில் அடிதடி கேஸ், எந்த வக்கீலைப் பிடிப்பது?

தக்காளித்தோட்டம்:
வணக்கம். போன வெள்ளிக்கிழமை தக்காளிக்குத் தண்ணீர் கட்டும்போது வரப்பு விஷயமாகப் பங்காளிகளோடு தகராறு. என் தம்பி மண்வெட்டிக் காம்பால் ஒரு போடு போட்டுவிட்டான். அடிபட்ட பங்காளி பெரியாஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட்டார். பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதில் வந்த சட்டம்) 296(பி), 115(2), 118(1), 351(3) என்று எப்.ஐ.ஆர். ஆகிவிட்டது. தம்பி ஓசூரில் சித்தி வீட்டில் இருக்கிறான்.

தர்மபுரி கோர்ட் பக்கத்து டீக்கடையில் ஒருவர் தானாக வந்து, "40,000 கொடுங்க, முன்ஜாமீன் கேரண்டி" என்றார். வக்கீலா குமாஸ்தாவா தெரியவில்லை. மாமாவோ சேலத்திலிருந்து பெரிய வக்கீலாகக் கூட்டி வரலாம் என்கிறார். கோர்ட் படி ஏறாத குடும்பம் எங்களுடையது. வழி சொல்லுங்கள்.

மலையடிவாரம்:
கேரண்டி என்று சொன்ன ஆளிடம் திரும்பப் போகாதீர்கள். ஜாமீன் கொடுப்பது ஜட்ஜ். வக்கீல் என்றால் பார் கவுன்சில் பதிவு எண் இருக்கும், கேளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

காரிமங்கலத்தான்:
இதே மாதிரி கேஸில் நானும் பாலக்கோடு கோர்ட்டுக்கு நடையாய் நடந்தவன். உங்கள் மாமா சொல்கிற மாதிரிதான் வெளியூர்ப் பெரிய வக்கீலை வைத்தேன். முதல் நாள் காரில் வந்தார். அப்புறம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு ஜூனியர். ஒருநாள் எனக்குக் காய்ச்சல், போகவில்லை. வரவில்லை என்று மனுப் போடக்கூட ஆளில்லை. பிடிவாரண்ட் ஆகிவிட்டது.

அதன்பிறகு ஒருநாள் காலை 10:30-க்கே போய்க் கோர்ட் ஹாலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வேறொரு அடிதடி கேஸில் ஒரு பெண் வக்கீல் டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார். கையில் ஏ.ஆர். காப்பி, அதாவது அடிபட்டு வந்தவரைப் பற்றி ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதும் பதிவேட்டின் நகல். "தெரிந்த 2 பேர் கட்டையால் அடித்ததாக எழுதியிருக்கிறீர்கள், அடிபட்டவர் சொன்னதைத்தானே எழுதினீர்கள்?" "ஆமாம்." அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். எப்.ஐ.ஆரில் 5 பேர்! மதியமே அவரிடம் போய்ப் பேசினேன். பீஸ் மூன்று தவணை.

உங்களுக்கு முன்ஜாமீன் மனு தர்மபுரி செஷன்ஸ் கோர்ட்டில், அப்புறம் கேஸ் நடப்பது பாலக்கோட்டில். இரண்டுக்கும் நீங்களே வருவீர்களா, பீஸ் இரண்டுக்கும் சேர்த்தா என்று முதலிலேயே கேளுங்கள். எப்.ஐ.ஆர். நகலோடு போங்கள். 7 வருடம் வரை தண்டனை உள்ள பிரிவுகளுக்குக் கைது செய்யாமல், விசாரணைக்கு வரச் சொல்லி போலீஸ் பி.என்.எஸ்.எஸ். (சி.ஆர்.பி.சி.க்குப் பதில் வந்த சட்டம்) 35(3) நோட்டீஸ் கொடுக்கவும் இடமுண்டு. நோட்டீஸ் வந்தால் ஒளியாமல் வக்கீலோடு போய் நிற்கட்டும். ஆமாம், தம்பிக்கு அடி ஒன்றும் இல்லையா?

பென்னாகரம் அக்கா:
பணம் இடித்தால் கோர்ட்டிலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். 15100-க்குப் போன் செய்தாலும் சொல்வார்கள்.

தக்காளித்தோட்டம்:
காரிமங்கலத்து அண்ணே, நீங்கள் கேட்டபிறகுதான் தம்பிக்குப் போன் போட்டேன். முழங்கையில் காயமாம். சித்தி மஞ்சள் பத்துப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். 5 நாள் ஆகிவிட்டதே, இனி ஆஸ்பத்திரியில் காட்டலாமா?

காரிமங்கலத்தான்:
நாளைக்கே வக்கீலைப் பாருங்கள், முதலில் இதைச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் என்றைக்குப் பட்ட காயம் என்று உள்ளபடி சொல்லட்டும். நேற்றுப் பட்டது என்று மட்டும் சொல்லிவிடப் போகிறான்.