வளரும் மூளையில் நகரும் நரம்பு செல்கள்: நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

பென்னாகரம் வாசகர்:
முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சுண்டெலிக் குட்டியின் சிறுமூளைச் சீவலை இரவு முழுவதும் நுண்ணோக்கியில் படமெடுத்து, விடிந்ததும் வேகமாக ஓட்டிப் பார்த்தேன். நரம்பியல் ஆய்வாளர் பாஸ்கோ ராகிச் 1971இல் குரங்கின் சிறுமூளையில் விவரித்தவாறே, பெர்க்மன் கிளியா என்ற துணைச்செல்லின் இழையைப் பற்றிக்கொண்டு இறங்கிய ஒரு கிரானியூல் செல் (சிறுமூளையின் சிறு நரம்பு செல்), முன்நீட்சியை மட்டும் நீட்டிவிட்டு வெகுநேரம் அசையாமல் நின்றது. பின்னர் அதன் உட்கரு ஒரே உந்தலில் முன்னே பாய்ந்து மறுபடியும் நின்றுவிட்டது. ஊருக்கு வந்தபோது என் தாய்மாமாவுக்கு அதைக் காட்டினேன். "அதைப் பின்னாலிருந்து தள்ளுவது எதுப்பா?" என்று கேட்டார். இளம் நரம்பு செல்கள் எல்லாமே கிளியாவைப் பிடித்துத்தான் நகர்கின்றன என்று மட்டும் சொன்னேன். அவர் கேட்டது அதுவல்ல.

காவேரிப்பட்டணம் வாசகர்:
அத்தை மகளுக்கு வலிப்பு தொடர்ந்ததால் பெங்களூரில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மூளைப் புறணிக்கு (மூளையின் வெளி அடுக்குக்கு) அடியில், வெண்பகுதிக்குள், இன்னொரு சாம்பல் நிறப் பட்டை இருபுறமும் ஓடியது. மேலே போக வேண்டிய செல்கள் கருவிலேயே பாதிவழியில் தங்கிவிட்டன என்றார் மருத்துவர். பத்தாம் வகுப்புக் கணக்கை எனக்கே சொல்லித்தரும் பெண் அவள். அந்தப் பட்டையை என்னால் மறக்க இயலவில்லை.

ஓசூர் வாசகர்:
பென்னாகரத்தாரின் கூற்றை ஏற்க இயலாது. புறணியின் தடுப்பு நரம்பு செல்களில் (பிற நரம்பு செல்களின் செயலை அடக்குபவை) பெரும்பாலானவை, சுண்டெலியில் 1997இல் காட்டப்பட்டபடி, முன்மூளையின் அடிப்பகுதியில் பிறந்து பக்கவாட்டில் நெடுந்தொலைவு வருகின்றன. அப்பயணத்திற்குக் கிளியா இழை தேவையில்லை. தள்ளுவது எது என்பதற்கும் ஒரே விடை இல்லை: அந்தச் செல்களில் மயோசின் என்ற சுருங்கும் புரதம் உட்கருவின் பின்னே சுருங்கித் தள்ளுகிறது, கிரானியூல் செல்லில் முன்நீட்சியில் இருந்துகொண்டு இழுக்கிறது. காவேரிப்பட்டணத்தார் கவனிக்க: இப்பட்டைக்கு, 1998இல் கண்டறியப்பட்ட டபுள்கார்ட்டின் மரபணுவின் பிறழ்வு முக்கியக் காரணம். அது எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெண்களுக்குப் பட்டையாகவும், ஆண்களுக்குப் பெரும்பாலும் மடிப்பற்ற மூளையாகவும் வெளிப்படுகிறது. ஆகவே அப்பெண்ணின் தாயாரும் மரபணுச் சோதனை செய்துகொள்வது நல்லது. மரபியல் ஆலோசனையும் பெறுங்கள், வலிப்பு மருந்தை ஒருநாளும் தவறவிடாதீர்கள், திருமணப் பேச்சு எழும் முன்பே இதைப் பேசிவிடுங்கள்.

அரூர் வாசகர்:
சென்னை ஐ.ஐ.டி. 2024இல் வெளியிட்ட 'தரணி' என்ற மனிதக் கருவின் மூளைப் படத் தொகுப்பின் 5,132 சீவல்களில் சிலவற்றைக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். மூளையறையின் சுவரை ஒட்டிச் செல்கள் கருநிறமாக நெருங்கிக் கிடந்தன; அவற்றுள் எது புறப்பட்டது, எது காத்திருந்தது என்பதை நிலைத்த படம் சொல்லவில்லை. ஓசூர் ஐயா, காவேரிப்பட்டணத்தார் தாம் கண்ட பட்டையைப் பற்றித்தான் எழுதினார். திருமணப் பேச்சைப் பற்றி யாரும் கேட்கவில்லையே?