இரண்டு கட்ட ஆர்.சி. ஃபில்டர்: கணக்கில் 1,591 ஹெர்ட்ஸ், சி.ஆர்.ஓ.வில் 600

பிரெட்போர்டு ராசா:
பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு இ.சி.இ. படிக்கிறேன். சர்க்யூட்ஸ் லேபில் இரண்டு கட்ட லோ பாஸ் ஃபில்டர் (குறைந்த அதிர்வெண்களை மட்டும் கடக்க விடும் சர்க்யூட்) கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 1 கிலோ ஓம் மின்தடை, 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி. 1/(2 × 3.1416 × ஆர் × சி) என்று போட்டால் வெட்டு அதிர்வெண் (வெளியீடு 0.707 மடங்காக இறங்கும் இடம்) 1,591 ஹெர்ட்ஸ் வருகிறது. ஆனால் 5 வோல்ட் சைன் அலை கொடுத்து, அலையைத் திரையில் காட்டும் சி.ஆர்.ஓ.வில் பார்த்தால், வெளியீடு 600 ஹெர்ட்ஸிலேயே 0.707 மடங்காக இறங்கிவிடுகிறது. 1,591-இல் 1.6 வோல்ட்தான் இருக்கிறது. மின்தேக்கிகளை மாற்றினேன், பிரெட்போர்டையே மாற்றினேன், அதே கதைதான். லேப் பொறுப்பாளர், "எல்லாம் டாலரன்ஸ்தான் (உதிரிபாகத்தின் மதிப்பு முன்னே பின்னே இருப்பது), ரெக்கார்டில் 1,591 என்றே எழுது" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வைவாவில் கேட்டால் என்ன சொல்வது?

ரிச்சி தெரு வாசி:
மின்தேக்கியின் மேல் 104-க்கு (0.1 மைக்ரோ ஃபாரட்டின் குறி) பிறகு என்ன எழுத்து இருக்கிறது? வட்டமான மலிவு செராமிக்கில் 'இசட்' என்று இருந்தால் மதிப்பு 20 சதவீதம் குறையலாம், 80 சதவீதம் கூடலாம். 'ஜே' போட்ட பாலியெஸ்டர் வாங்குங்கள். 5 சதவீதத்துக்குள் நிற்கும்.

பழைய லேப் மேசை:
பாலியெஸ்டர் நல்ல யோசனைதான், ஆனால் இங்கே மின்தேக்கிமேல் பழி போடுவது அநியாயம். 1,591 எங்கே, 600 எங்கே? டாலரன்ஸ் மட்டுமே காரணம் என்றால் ஆர்.சி. பெருக்கம் இரண்டரை மடங்குக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். 'இசட்' செராமிக்கூட அவ்வளவு தூரம் போகாது. தம்பி, நீ அளந்தது சரி. நீ போட்ட கணக்குத்தான் வேறொரு சர்க்யூட்டுக்கு உரியது.

அந்தச் சூத்திரம் ஒற்றைக் கட்டத்துக்கானது. அதுவும் வெளியீட்டிலிருந்து யாரும் மின்னோட்டத்தை உறிஞ்சாதபோதுதான் பொருந்தும். நீயோ முதல் மின்தேக்கியோடு இன்னொரு முழுக் கட்டத்தைக் கட்டிவிட்டிருக்கிறாய். வெளியீடு/உள்ளீடு சமன்பாட்டை முழுதாக எழுதினால் பின்னத்தின் கீழே 1 + 3எஸ்.ஆர்.சி. + (எஸ்.ஆர்.சி.)² வரும் (எஸ் என்பது அதிர்வெண்ணைச் சுமக்கும் மாறி). அந்த 3-இல் இரண்டு, இரண்டு கட்டங்களின் சொந்தப் பங்கு. மீதி ஒன்று, இரண்டாவது கட்டம் முதல் கட்டத்தின்மேல் ஏற்றிய பளு. தீர்த்துப் பார்: வெட்டு அதிர்வெண் 1,591-இன் 0.374 மடங்கு, அதாவது 596 ஹெர்ட்ஸ். 1,591-இல் வெளியீடு சரியாக மூன்றில் ஒரு பங்கு, 5 வோல்ட்டுக்கு 1.67. நீ 1.6 படித்திருக்கிறாய். பிரெட்போர்டில் இதைவிட நெருக்கமாக வேறென்ன எதிர்பார்க்கிறாய்?

நடுவில் ஆப் ஆம்ப் பஃபர் (முதல் கட்டத்திலிருந்து மின்னோட்டத்தை உறிஞ்சாமல் வோல்ட்டை மட்டும் கடத்தும் ஐ.சி. சர்க்யூட்) வைத்துப் பளுவை நீக்கினாலும் 1,591 கிடைக்காது. ஒவ்வொரு கட்டமும் தன் பங்குக்கு 0.707 ஆக்கினால் மொத்தம் பாதி. வெட்டு 1,024-க்கு வந்துவிடும்.

உன் 1,591 எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க ஆசையா? சி.ஆர்.ஓ.வை எக்ஸ்-ஒய் நிலைக்கு (ஒரு சானலுக்கு எதிராக இன்னொன்றை வரையும் நிலை) திருப்பு. சானல் 1 ஃபில்டரின் உள்ளீட்டில், சானல் 2 வெளியீட்டில். குறைந்த அதிர்வெண்ணில் சாய்ந்த கோடு தெரியும். டயலை ஏற்ற ஏற்ற அது வயிறு பெருத்து நீள்வட்டமாகி, ஓரிடத்தில் சாய்வே இல்லாமல் நேராகப் படுத்துவிடும். அங்கே ஃபேஸ் வேறுபாடு, அதாவது உள்ளீட்டு அலைக்கு வெளியீட்டு அலை பின்தங்கும் அளவு, 90 பாகை. அதிர்வெண்ணைப் படித்தால் 1,591-க்குப் பக்கத்தில் இருக்கும். பளு மாற்றுவது சமன்பாட்டின் நடு உறுப்பை (3எஸ்.ஆர்.சி.) மட்டும்தான், அதனால் இந்த இடம் நகராது. உதிரிபாகங்கள் யோக்கியமானவை என்பதற்கு இதுவே சாட்சி.

பஃபர் இல்லாமலே பளுவைக் குறைக்க வேண்டுமானால், இரண்டாவது கட்டத்தில் 10 கிலோ ஓம், 0.01 மைக்ரோ ஃபாரட் (மேலே 103 என்றிருக்கும்) போடு. 3 என்பது 2.1 ஆகும், வெட்டு 956-க்கு ஏறும். அதே ஆசையில் 100 கிலோ ஓமுக்குப் போய்விடாதே. சி.ஆர்.ஓ. உள்ளீடு 1 மெகா ஓம். அதுவே 9 சதவீதத்தை விழுங்கிவிடும். 1× நிலையில் (அலையைக் குறைக்காத நிலை) ப்ரோப், அதாவது சி.ஆர்.ஓ.வின் அளவிடும் முனை, கேபிளின் 100 பிக்கோ ஃபாரட் சொச்சம் வேறு உன் 0.001 மைக்ரோவோடு சேர்ந்துகொள்ளும். பிறகு நீ அளப்பது ஃபில்டரையா, ப்ரோப்பையா?

இன்னொன்று: சைன் அலை தரும் சிக்னல் ஜெனரேட்டரின் திரை காட்டும் வோல்ட்டை உள்ளீடாக எழுதாதே. அதற்குள்ளே 50 ஓம் இருக்கிறது. அதிர்வெண் ஏறும்போது ஃபில்டர் வாயில் கிடைப்பது சற்றுக் குறையும். ஒவ்வொரு அளவீட்டிலும் சானல் 1-ஐயும் படி. 0.707-ஐத் தேட, குறைந்த அதிர்வெண்ணில் வெளியீட்டை சி.ஆர்.ஓ. திரையில் 7 சதுரம் உயரத்துக்குச் சரிசெய்துகொண்டு, அது 5 சதுரமாகும் இடத்தைப் பார். கால்குலேட்டரைத் தொடவே வேண்டாம்.

பிரெட்போர்டு ராசா:
ஐயா, நீள்வட்டம் 1,570-இல் நேராகப் படுத்தது! 10 கிலோ ஓம் மாற்றியபோது வெட்டு 940. பக்கத்து மேசைக்காரர்களும் வந்து பார்த்தார்கள். ஒரு சந்தேகம்: செமி-லாக் தாளில் (ஒரு அச்சு மட்டும் மடக்கை அளவில் உள்ள தாள்) வரைந்தால் கோடு சோம்பலாக வளைகிறது. பாடப் புத்தகத்தில் உள்ளதுபோல் வளைவைக் கூர்மையாக்க முடியுமா?

செம்புச் சுருள்:
ஆர், சி மட்டும் வைத்து முடியாது. இரண்டு கட்டத்துக்கு, வளைவின் கூர்மையைச் சொல்லும் க்யூ மதிப்பு 0.5-ஐத் தாண்டாது, உங்கள் முதல் சர்க்யூட்டில் அது 0.33 மட்டுமே. பொறியாளர் பட்டர்வொர்த் 1930-இல் எழுதிய தட்டையான வளைவுக்கு 0.707 தேவை. ஆப் ஆம்ப் போன்ற ஆக்டிவ் பாகம் வேண்டாம் என்றால் மின்தூண்டியை எடுக்க வேண்டியதுதான். 1 கிலோ ஓம் சுமைக்கு, அதே 1,591 ஹெர்ட்ஸில், தொடரில் 141 மில்லி ஹென்ரி, சுமைக்கு இணையாக 0.07 மைக்ரோ ஃபாரட். லேபில் டெக்கேட் இண்டக்டன்ஸ் பெட்டி (மின்தூண்டி மதிப்பைத் திருப்பி மாற்றும் பெட்டி) இருக்கிறதா பாருங்கள். சுருளின் கம்பித் தடையை முதலில் மல்ட்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். அதையும் ஜெனரேட்டரின் 50 ஓமையும் கணக்கில் சேர்க்காவிட்டால், கடக்க வேண்டிய அதிர்வெண்களிலேயே வெளியீடு ஏன் குறைகிறது என்று இன்னொரு கேள்வியோடு வருவீர்கள்.

பிரெட்போர்டு ராசா:
பெட்டி இருக்கிறது. அலமாரிச் சாவி பொறுப்பாளரிடம் இருக்கிறது.

பழைய லேப் மேசை:
596 கணக்கையும் வரைபடத்தையும் கையோடு கொண்டுபோய்க் காட்டிவிட்டுச் சாவியைக் கேள். அப்படியே 'டாலரன்ஸ்' என்ற வரியை ரெக்கார்டிலிருந்து அடித்துவிட்டு அவரிடமே கையெழுத்தும் வாங்கிவிடு.