பார்க்கிங் லைட் போட்டதும் ஃபியூஸ் போகிறது, எங்கிருந்து தேடுவது?

ஹேட்ச்பேக்காரன்:
பழைய ஹேட்ச்பேக் கார். பார்க்கிங் லைட்டைப் போட்டவுடன் 10 ஆம்பியர் ஃபியூஸ் போய்விடுகிறது. டெயில் லைட், நம்பர் பிளேட் லைட், டேஷ்போர்டு வெளிச்சம் எல்லாம் அந்த ஒரே ஃபியூஸில்தான். ஹெட்லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர் நன்றாக எரிகின்றன. ஆரம்பத்தில் மேடு பள்ளத்தில் மட்டும் போனது, இப்போது நிற்கும்போதும் போகிறது. மல்டிமீட்டரில் ஃபியூஸின் லோடு பக்கத்துக்கும் (விளக்குகளுக்குப் போகும் பக்கம்) கார் பாடிக்கும் இடையே 1 ஓம்கூட இல்லை. ஷார்ட், அதாவது வயர் எங்கோ பாடியை நேராகத் தொடுகிறது என்று உறுதி செய்துகொள்ளலாமா? 15 ஆம்பியர் போட்டு, எங்கே சூடாகிறது என்று தடவிப் பார்க்கலாம் என்கிறார் நண்பர்.

சிவப்பு ஃபியூஸ்:
நண்பர் சொல்வதைக் கேட்காதீர்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. அதைப் பெரிதாக்கினால் உருகப்போவது கார்பெட்டுக்கு அடியில் ஓடும் வயர், பக்கத்து வயர்களையும் சேர்த்துக்கொண்டு.

வயரிங் அண்ணன்:
தம்பி, பல்புகளைக் கழற்றாமல் மீட்டர் வைத்திருக்கிறாய், சரியா? அணைந்திருக்கும் இழைக்கு ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவு. 5 வாட் பல்பு எரியும்போது 29 ஓம் அளவில் இருக்கும், குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குதான். ஐந்தாறு பல்பு இணையாக இருந்தால் நல்ல வண்டியிலும் மீட்டர் 1 ஓமுக்குக் கீழே காட்டும். அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

மீட்டரை ஓரமாக வை. 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றுக்கு ஹோல்டரோடு இரண்டு வயர் எடு. பார்க்கிங் பல்புகள் எல்லாவற்றையும் கழற்று. ஃபியூஸ் இருந்த இடத்தில், அதன் இரண்டு காலுக்கும் பதிலாக இந்தப் பல்பைச் சொருகிவிட்டு சுவிட்சைப் போடு. ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், 2 ஆம்பியருக்கு மேல் போகாது, வயர் எரியாது. ஃபியூஸாக வாங்கி வாங்கிக் கொளுத்துவதைவிட இது எவ்வளவோ மேல். சுவிட்ச் போடாமலே எரிந்தால் கோளாறு சுவிட்சுக்கு முன்னால். போட்ட பிறகு எரிந்தால் அதற்கு அப்புறம்.

பல்புகளைக் கழற்றச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது: அவை இருந்தால் ஷார்ட் இல்லாமலே டெஸ்ட் பல்பு மங்கலாக எரிந்து உன்னைக் குழப்பும்.

எரியவிட்டபடியே கப்ளர்களை (வயர்களைச் சேர்க்கும் பிளக்குகளை) ஒவ்வொன்றாகப் பிரி. எதைப் பிரிக்கும்போது அணைகிறதோ, கோளாறு அந்தக் கிளையில். மேடு பள்ளத்தில்தான் ஆரம்பித்தது என்கிறாய், ஹேட்ச்பேக் வேறு. நான் முதலில் டிக்கிக் கதவின் கீல் பக்கத்து ரப்பர் குழாயைத்தான் பார்ப்பேன், அடுத்து நம்பர் பிளேட் ஹோல்டர். தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருக்கும். டேஷ்போர்டைப் பிரிப்பதெல்லாம் கடைசியில்.

பின்சீட்:
ஒரு சந்தேகம். எனக்கு ஃபியூஸ் போகவில்லை, ஆனால் பிரேக் மிதித்தால் டேஷ்போர்டு வெளிச்சமும் வருகிறது. இதுவும் ஷார்ட்தானா?

வயரிங் அண்ணன்:
அது பாடியோடு ஷார்ட் இல்லை. 21/5 வாட் இரட்டை இழைப் பல்பை எடுத்துப் பாருங்கள். ஓர் இழை அறுந்து மற்றதன்மேல் விழுந்திருக்கும், அல்லது ஒற்றை இழைப் பல்பை யாராவது அழுத்திச் சொருகியிருப்பார்கள். பிரேக் கரண்ட் அந்த வழியாக டெயில் லைட் வயருக்குள் புகுந்துவிடுகிறது. பல்பைப் பார்த்த பிறகும் தொடர்ந்தால் டெயில் லைட்டின் எர்த் வயர் பாடியோடு சேரும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

ஹேட்ச்பேக்காரன்:
அண்ணே, டெஸ்ட் பல்பு பளிச்சென்று எரிந்தது. டிக்கியைத் தூக்கி இறக்கினால் கண் சிமிட்டியது. ரப்பர் குழாயை உருவினால் நம்பர் பிளேட் வயரின் தோல் வெடித்து, செம்பு கீலில் உரசிக்கொண்டிருக்கிறது. டேப் சுற்றினால் போதுமா?

வயரிங் அண்ணன்:
போதாது. அந்த இடம் தினமும் மடங்குகிறது, டேப் பிசுபிசுத்து நழுவிவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வெடித்த பகுதியை வெட்டி எறி. அதே கனத்தில் மெல்லிய இழைகள் நிறைய உள்ள வயரைக் கொஞ்சம் தளர்வாக விட்டு இணை. இரண்டு ஜாயிண்ட்டும் குழாய்க்கு வெளியே, மடங்காத இடத்தில் வரட்டும். ஏனென்றால் சால்டர் (ஈயப் பற்று) வைத்த இடம் விறைப்பாகி மடிப்பில் ஒடியும். ஜாயிண்ட்டுக்கு மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை) போடு. அதே குழாயில் பின்வைப்பர் வயரும் கண்ணாடி ஹீட்டர் வயரும் ஓடும், அவற்றையும் விரலால் மடக்கிப் பார்த்துவிட்டு மூடு. ஃபியூஸ் பழையபடி 10 தான்.