ஸ்பானிஷ்: ‘எ கொமீதோ’வுக்கு இவ்வளவு பயிற்சி தேவையா?

கடலோடி:
ஸ்பானிஷ் ஏ2 வகுப்புல, அதாவது ரெண்டாம் படியில, ‘எ கொமீதோ’ (சாப்பிட்டிருக்கேன்) மாதிரி சொல்ல வர்ற அபேர் துணைவினையைப் பிடிச்சுட்டு விடமாட்டேங்கறாங்க. எ, அஸ், அ, எமோஸ், அபெய்ஸ், அன்னு தாள் தாளா கோடிட்ட இடம் நிரப்பறேன். எனக்கு வேலை மெக்சிகோ ஆட்களோட. சாப்பிட்டாச்சான்னு கேக்க அவங்க ‘யா கொமீஸ்தே?’ன்னு சாதா இறந்தகாலத்துல முடிச்சுடறாங்க. நேரா அதுக்கே போயிட்டா என்ன?

வலென்சியா வாசி:
போகாதீங்க. இங்கே ஸ்பெயின்ல காலைல குடிச்ச காபியை மதியம் சொன்னாலும் ‘எ தொமாதோ’ (குடிச்சிருக்கேன்)தான். இன்னைக்கு, இந்த வாரம், இந்த வருஷம்னு பொழுது இன்னும் முடியலேன்னா இந்த வடிவம். ‘அயெர்’, அதாவது நேத்து, வந்துட்டா சாதா. ஸ்பெயின் அரசோட மொழி நிறுவனமான இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தேஸ் பாடத்திட்டத்துல ஏ2லயே இது இருக்கு, தப்பிக்க முடியாது.

கடலோடி:
ஸ்பெயின் முழுக்க அப்படியா? கலீசியா, அஸ்தூரியாஸ், கானரித் தீவுகள்ல ‘ஓய் கொமீ’ன்னு இன்னைக்குச் சாப்பிட்டதையும் சாதாவுல சொல்றாங்களே. புவெனஸ் ஐரெஸ் பக்கமும் அதே கதை. உங்க ஊர் வழக்கை ஊருக்கெல்லாம் சட்டமாக்காதீங்க.

சும்மா வந்தவன்:
நீங்களும் லத்தீன் அமெரிக்காவை ஒரே மூட்டையா கட்டாதீங்க சார். பொலிவியாவில ‘அயெர் எ இதோ’ன்னு நேத்துப் போனதுக்கே இதைப் போடுவாங்க. மெக்சிகோக்காரங்களும் ‘சியெம்ப்ரே எ பிபீதோ அகீ’ம்பாங்க, எப்பவும் இங்கேதான் குடியிருக்கேன்னு. முடிஞ்ச காரியத்துக்குச் சாதா, இன்னும் நீளுற நிலைக்கு ‘எ’. அந்த ஒத்தை எழுத்து முந்தின சொல்லோட ஒட்டிக்கிட்டு ஓடிடும், காதுல விழாம போயிருக்கலாம்.

தாள் விஷயத்துல உங்க பக்கம்தான். ஆறு வடிவத்தை யாரும் மறக்கறதில்லை. தடுக்கறது எச்சோ (செஞ்சு), தீச்சோ (சொல்லி), பீஸ்தோ (பார்த்து), புவெஸ்தோ (வச்சு), ரோத்தோ (உடைச்சு), அபியெர்தோ (திறந்து) மாதிரி முறை தப்பின எச்சங்கள். அப்புறம் ‘அதைப் பார்த்திருக்கேன்’னா ‘லோ எ பீஸ்தோ’. நடுவுல ‘லோ’வைச் சொருகி ‘எ லோ பீஸ்தோ’ன்னா காது கூசும். தாள்ல இதுக்குக் கோடே போடமாட்டாங்க. ராத்திரி அன்னைக்குச் செஞ்சது நாலு, இன்னும் செய்யாதது நாலு வாய்விட்டுச் சொல்லுங்க. மறுநாள் அதையே ‘அயெர்’ போட்டு மாத்துங்க.

கடலோடி:
மாத்தறதுலதானே சிக்கல்? எச்சோ ஒண்ணைப் படிச்சா ஆறு பேருக்கும் ஆச்சு. சாதாவுல ஈசே (செஞ்சேன்), ஈசீஸ்தே (செஞ்சே), ஈசோ (செஞ்சான்)ன்னு ஆளுக்கு ஆள் உருப்போடணும். மலை அங்கே நிக்குது, இங்கே மேட்டுல உக்காந்து மூச்சு வாங்கறோம்.

வலென்சியா வாசி:
அந்த எச்சோதான் பின்னாடி ‘அபீயா எச்சோ’, ‘அப்ரே எச்சோ’ எல்லாத்துக்கும் வருது. ‘செஞ்சிருந்தேன்’, ‘செஞ்சிருப்பேன்’ சொல்ல மெக்சிகோவுலயும் இதுதான். நேரம் வீணாகல.

கடலோடி:
‘அபீயா’ வரட்டும், அப்போ உருப்போடறேன். இந்த வாரம் ஈசேயும் தீஹேயும் (சொன்னேன்)தான். தாளை வகுப்புக்கு வெளியே தொடறதா இல்லை.