மறிதளர்வா, வெறுஞ்சுற்றா? தகட்டில் பொறிக்க ஒரு சொல் வேண்டும்

அம்பத்தூர், திங்கள் இரவு

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் நடத்தும் சிறு பட்டறையில், வாடிக்கையாளர் ஒருவர் கேட்டபடி, தண்டுகளில் சாவிக்காடி (தண்டோடு சக்கரத்தைப் பிணைக்க அறையும் ‘சாவி’ என்ற துண்டு உட்காரும் பள்ளம்) வெட்டும் இயந்திரம் ஒன்றைக் கட்டி முடித்திருக்கிறோம். வார்ப்பிரும்பு அடித்தளம், ஒரு குதிரைத்திறன் மோட்டார், வட்டக் கட்டர், கையால் சுற்றி நகர்த்தும் மேசை, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வண்டி ஏற்ற வேண்டும். ஓட்டப்போகிறவர்கள் தமிழ் மட்டுமே படிப்பவர்கள் என்பதால், கையேட்டையும் கைச்சக்கரத்தின் அருகில் திருகும் அலுமினியத் தகட்டையும் தமிழில் கேட்டிருக்கிறார்கள். மற்றதெல்லாம் எழுதிவிட்டேன். பேக்லாஷ் என்ற ஒரு சொல்லில் மட்டும் நின்றுவிட்டேன்.

இயந்திரம் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேசையை நகர்த்தும் திருகின் பிட்ச், அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு மேசை நகரும் தூரம், 5 மி.மீ.; சக்கரத்தின் வளையத்தில் 100 கோடுகள்; ஆகவே ஒரு கோட்டுக்கு மேசை 0.05 மி.மீ. நகர வேண்டும். ஆனால் வலப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தவர் இடப்பக்கம் திருப்பினால், முதல் மூன்று கோடுகள் வரை சக்கரம் மட்டும் சுற்றுகிறதே தவிர, மேசையில் வைத்த டயல் கேஜின் (நுண்ணிய நகர்வைக் காட்டும் அளவியின்) முள் அசைவதில்லை. திருகின் மரைக்கும் கன்மெட்டல் நட்டின் மரைக்கும் நடுவே 0.15 மி.மீ. இடம் இருப்பதே காரணம். இதுதான் பேக்லாஷ்.

பட்டறையில் இதை ‘ஆட்டம்’ என்போம். ஆனால் சக்கில் (வேலையைக் கவ்விப் பிடித்துச் சுற்றும் பிடியில்) பிடித்த தண்டு மையம் விலகிச் சுற்றினாலும் ‘ஆட்டம்’ என்றுதான் சொல்கிறோம். கையேட்டில் இரண்டும் அடுத்தடுத்த பக்கங்களில் வருகின்றன. குழப்பிக்கொண்டால் ஆபத்து. கட்டரின் பல், உலோகத்தைத் தொடும் இடத்தில் எந்தப் பக்கம் போகிறதோ அதே பக்கம் மேசையையும் ஓட்டினால், பல் வேலையைக் கவ்வி, இருக்கிற இடைவெளி அளவுக்கு மேசையை வெடுக்கென்று இழுத்துவிடும். பல் உடையும், சில வேளை கட்டரைத் தாங்கும் தண்டே வளைந்துவிடும். எங்கள் பழைய இயந்திரத்தில் இதற்கு ஒரு கட்டரைப் பலி கொடுத்திருக்கிறேன்.

தகட்டின் அகலம் 60 மி.மீ., எழுத்தின் உயரம் 5 மி.மீ., ஒரே வரி. அதற்குள் அடங்கும் சொல்லாகத் தாருங்கள்.

மயிலாப்பூர், செவ்வாய் காலை

தம்பிக்கு, ஓய்வுபெற்ற தமிழாசிரியன் எழுதுகிறேன். உங்கள் சொல் நம்மிடம் ஆயத்தமாகவே இருக்கிறது. ‘மறி’ என்னும் வினைக்குத் திரும்புதல் என்பது பொருள். திசை திரும்பும்போது மட்டுமே வெளிப்படும் தளர்வு ஆகையால் ‘மறிதளர்வு’. வினைத்தொகையாக அமைவதால் இடையில் ஒற்றும் மிகாது, தகட்டிலும் இடம் மிச்சம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ‘மரை’ என்று இடையின ரகரம் இட்டு எழுதியிருக்கிறீர்கள். ‘அவனுக்கு மறை கழன்றுவிட்டது’ என்று வல்லின றகரம் இட்டு எழுதுவோரும் உண்டு. என் கருத்தில் அவர்களே சரி. மறி, மறு, மறுகு, மறை யாவும் ஒரு வேரில் கிளைத்தவை. மறிந்து மறிந்து ஏறுவதால் அது மறை. ‘பட்டறை’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘சீரிடம் காணின் எறிதற்குப் பட்டடை’ என்று வள்ளுவர் கூடா நட்பை எதனோடு ஒப்பிடுகிறார்? கொல்லன் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லோடு. அந்தப் பட்டடை இருந்த இடமே பின்னாளில் பட்டறையாயிற்று என்பது என் துணிபு. தொழிலாளியின் சொல்லுக்குள் பழந்தமிழ் உறங்குகிறது, நாம்தான் எழுப்புவதில்லை.

பெரம்பூர், செவ்வாய் மாலை

ஐயா அவர்களின் புலமைக்கு என் வணக்கம். ஆயினும் ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்று தொல்காப்பியரே சொல்லி வைத்திருக்கிறார். மரைக்கு வேர் தேடுவதை வெள்ளிக்கிழமைக்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.

நாற்பது ஆண்டுகளாக இயந்திரங்களோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் இரண்டு செய்திகள். முதலாவது, இது குறைபாடு மட்டும் அன்று. இரண்டு பற்சக்கரங்களை இடைவெளியே இல்லாமல் பொருத்தினால், எண்ணெய்ப் படலத்துக்கு இடம் இராது. சூடேறிச் சற்றே விரிந்ததும் இறுகி நின்றுவிடும். ஆகவே பேக்லாஷுக்குச் சிலர் எழுதும் ‘பின்னடைவுப் பிழை’ வேண்டாம். வேண்டும் என்றே விட்ட இடத்தைப் பிழை என்பது எப்படிப் பொருந்தும்? பின்னடைவு என்றதும் தேர்தல் முடிவுதான் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலத்திலும் பேக்லாஷ் என்ற சொல் முதலில் இயந்திரத்துக்கு வழங்கியது, அரசியலுக்குப் பிறகுதான் போனது. நாம் அந்த இரண்டாம் பொருளைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்த்திருக்கிறோம்.

இரண்டாவது, ‘மறி’ என்று தொடங்கும் எதைச் சென்னையில் எழுதினாலும் படிப்பவர் அண்ணா சாலையில் மறியல் என்றுதான் நினைப்பார். நான் முன்மொழிவது ‘இடைத்தளர்வு’. திருகுக்கும் பொருந்தும், பற்சக்கரத்துக்கும் பொருந்தும், ‘0.15 மி.மீ. இடைத்தளர்வு’ என்று அளவும் சொல்லலாம்.

வேளச்சேரி, செவ்வாய் நள்ளிரவு

மென்பொருள் கையேடுகளை மொழிபெயர்த்துப் பிழைப்பவன் நான். பேக்லாஷ் என்றே எழுதிவிடுங்கள். பாரிமுனையில் உதிரிபாகக் கடைக்குப் போய் இடைத்தளர்வு நீக்கும் நட்டு கேட்டால் கிடைக்குமா? சாவிக்காடியில் உள்ள சாவி போர்த்துக்கீசியம், மேசையும் அப்படியே. அவை உள்ளே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகு, இந்த ஒரு சொல்லை மட்டும் வாசலில் நிறுத்தி விசாரிப்பானேன்?

மயிலாப்பூர், புதன் காலை

சாவியையும் வெளியே அனுப்பலாம்; தடையில்லை. தண்டில் அறையும் அந்தத் துண்டு எந்தப் பூட்டையும் திறப்பதில்லை. வேலையைப் பார்த்தால் அது ஆப்பு. ‘ஆப்புக்காடி’ என்பதே தகும். வடசொல்லாயினும் வடவெழுத்தை நீக்கியே எடுத்துக்கொள்ளச் சொன்ன இலக்கணம் நம்முடையது. பேக்லாஷ் என்பதன் ஈற்றில் நிற்கும் எழுத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கிண்டி, புதன் மாலை

ஐயா இருவருக்கும் வணக்கம். இயந்திரப் பொறியியலைத் தமிழ்வழியில் கற்பிக்கும் ஆசிரியை நான். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியதிலிருந்து இப்படிப்பட்ட சொற்களோடு நாங்கள் நாள்தோறும் மல்லுக்கட்டுகிறோம். என் அனுபவத்தில், சொல்லைக் கேட்டதும் மாணவரின் கை எதைச் செய்கிறது என்பதே சோதனை. இயற்பியல் ஆய்வகத்தில் நகரும் நுண்ணோக்கியின் திருகை ஒரே பக்கமாகச் சுற்றியே அளவெடுக்கச் சொல்வது இதே காரணத்தால்தான். ‘திருப்பினால் கொஞ்சம் சும்மா சுற்றும்’ என்று சொன்னால் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை புரிந்துவிடுகிறது. அந்தச் ‘சும்மா சுற்று’வதை எழுத்து நடைக்குக் கொண்டுவந்தால் ‘வெறுஞ்சுற்று’. வெறுங்கை, வெறும்பேச்சு என்று அந்த அடை எல்லோர் நாவிலும் இருக்கிறது.

‘தொய்வு’ என்றும் ஒருமுறை எழுதிப் பார்த்தேன். மாணவர்கள் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார்கள்.

பெரம்பூர், புதன் இரவு

அம்மையீர், வெறுஞ்சுற்று என்பது விளைவின் பெயர், காரணத்தின் பெயர் அன்று. சுற்றை மில்லிமீட்டரில் எப்படி அளப்பது? திருகே இல்லாமல், பல்சட்டத்தில் பற்சக்கரம் ஓடும் இயந்திரத்தில் மேசையைக் கையால் அசைத்துப் பார்த்தாலும் இந்த இடைவெளி தெரியும். அங்கே சுற்று ஏது?

கிண்டி, வியாழன் காலை

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஆனால் ஓட்டுபவர் மில்லிமீட்டரை அளப்பதில்லை, கோட்டை எண்ணுகிறார். ‘மூன்று கோடு வெறுஞ்சுற்று’ என்றால் அவருக்குப் போதும். பாடநூலுக்கு உங்கள் இடைத்தளர்வு இருக்கட்டும்.

பெரம்பூர், வியாழன் காலை

ஒரு பொருளுக்கு இரு சொற்கள் என்று விட்டால் பத்து ஆண்டில் அவை இரு பொருள்களாகிவிடும். என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.

அதைவிட, பட்டறைக்காரத் தம்பிக்கு ஒரு சொல். புது இயந்திரத்தில் மூன்று கோடு அதிகம். நட்டை இரண்டாகப் பிளந்து, நடுவில் ஒரு சரிசெய் திருகு வைத்து, ஒரு பாதி மரையின் இந்தப் பக்கத்தையும் மறுபாதி அந்தப் பக்கத்தையும் அணைத்து நிற்கும்படி விலக்குங்கள். முழுவதும் இறுக்கிவிட வேண்டாம், சக்கரம் கனத்துப்போகும்.

அம்பத்தூர், வெள்ளி மாலை

அனைவருக்கும் நன்றி. பிளந்த நட்டைப் பொருத்திவிட்டோம். டயல் கேஜில் இப்போது ஒரு கோடுதான் காட்டுகிறது. தேய்ந்தால் எந்தத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதையும் கையேட்டில் சேர்த்திருக்கிறேன்.

சொல்லைப் பொறுத்தவரை, மூன்றையும் மூன்று சீட்டுகளில் எழுதி, பட்டறையில் வேலை பழகும் பையனிடம் காட்டினேன். மறிதளர்வைப் படித்துவிட்டு, மறி என்ற பாகம் எங்கே மாட்டியிருக்கிறது என்று கேட்டான். இடைத்தளர்வைக் கண்டதும் மேசையின் ஓரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அது தவறும் இல்லை. வெறுஞ்சுற்றைப் படித்தவன் ஒன்றும் பேசாமல் சக்கரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினான்.

ஆகவே தகட்டுக்கு வெறுஞ்சுற்று என்று முடிவு செய்து பொறிக்கக் கொடுத்தேன். வந்த மாதிரியில் ஞகரத்தின் மேல் புள்ளி இல்லை. பொறிப்பவரின் எழுத்துருவில் அது விழவே விழாதாம். வேறு எழுத்துரு தேட நேரமில்லாததால் ‘வெற்றுச்சுற்று’ என்று மாற்றினேன். அதில் புள்ளிகள் விழுந்தன. கையேட்டின் உள்ளே ‘இடைத்தளர்வு, அதாவது பேக்லாஷ்’ என்று முதல் இடத்தில் எழுதி, பிறகு இடைத்தளர்வு என்றே தொடர்ந்திருக்கிறேன். சாவிக்காடி சாவிக்காடியாகவே போகிறது. வண்டி ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டது.

மயிலாப்பூர், வெள்ளி இரவு

வெறுமை அடியாகப் பிறந்த இரண்டும் இலக்கணத்துக்கு உடன்பாடே. வெற்றுச்சுற்றில் எனக்குக் குறையில்லை. மறிதளர்வை என் சொற்கோவையில் ஏற்றிவிட்டேன். இனி மரையா மறையா என்பதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.